முன்பணம் கேட்பவன் முதலாளி அல்ல

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து, கோவில் மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள். நாம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் போகிற நேரத்தில் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி வந்து நின்றார். கையில் கைப்பேசி.

“அண்ணே, ஒரு நிமிஷம். இந்த மெசேஜக் கொஞ்சம் பாருங்களேன். வீட்டுல இருந்தே செய்யற வேலையாம். நல்லதா கெட்டதான்னு தெரியல.”

அன்று நாம் இன்னும் இரண்டு தோட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தது. மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. “பார்த்துச் செய்யும்மா, இப்பல்லாம் ஏமாத்துக்காரனுங்க அதிகம்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டோம். அந்தக் கைப்பேசியை வாங்கிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே தோட்டத்துக்குப் போனபோது அந்தச் சகோதரி கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கழுத்தில் சங்கிலி இல்லை. மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நம்மைக் கண்டதும் அழுதுவிட்டார்.

“அன்னைக்கே உங்ககிட்ட கேட்டேன்ண்ணே” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

தொழிலாளத் தோழர்களே, இந்த வாரம் நாம் இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். அன்று கொடுத்திருக்க வேண்டிய பதிலை இன்று கொடுக்கிறோம். அவருக்குக் காலம் கடந்துவிட்டது. உங்களில் யாருக்காவது காலம் இருக்கும்.

பணம் போன கதை

இந்தச் சகோதரி பல ஆண்டுகள் மருந்து அடிக்கும் வேலை செய்தவர். முதுகில் தோம்பைச் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். கணவர் குலை வெட்டுகிறார். மூத்த மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. அந்தச் செலவுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணம் 1,300 வெள்ளி.

கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. “கெர்ஜா டாரி ரூமா. நாளுக்கு 50 வெள்ளி முதல் 200 வெள்ளி வரை. அனுபவம் தேவையில்லை.” பிரபலமான ஓர் இயங்கலைக் கடையின் சின்னத்தைத் திருடிப் போட்டிருந்தான். பதில் போட்டதும் ஒரு குழுவில் சேர்த்தான். குழுவில் இருநூறு பேர். “எனக்கு 80 வெள்ளி வந்தது”, “எனக்கு 150 வந்தது” என்று ஆளுக்கு ஆள் வங்கி ரசீதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அத்தனை பேரும் மோசடிக்காரனின் ஆட்கள். ஒரே ஆள் பத்துப் பெயரில் எழுதுவதும் உண்டு. அது நம் சகோதரிக்குத் தெரியாது.

முதல் நாள் சில படங்களுக்கு ‘லைக்’ அழுத்தச் சொன்னான். அழுத்தினார். 12 வெள்ளி வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. உண்மையாகவே வந்தது. இரண்டாம் நாள் 30 வெள்ளி. அதுவும் வந்தது. மூன்றாம் நாள், “சிறப்பு வேலை, 100 வெள்ளி கட்டினால் 130 வெள்ளியாகத் திரும்பும்” என்றான். கட்டினார், 130 வந்தது.

நான்காம் நாள் 500 வெள்ளி கட்டச் சொன்னான். செயலியில் 650 வெள்ளி என்று காட்டியது, ஆனால் எடுக்க முடியவில்லை. “அடுத்த வேலைக்கு 1,200 கட்டினால்தான் எல்லாம் சேர்ந்து வரும்” என்றான். கையில் மீதம் இருந்தது 800. சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 1,200 வாங்கினார். அதில் 400 வெள்ளியைச் சேர்த்துக் கட்டினார். பிறகு “வரி கட்டாமல் பணத்தை விடமாட்டார்கள்” என்று 800 கேட்டான். அடகுப் பணத்தில் மிச்சமிருந்ததும் போயிற்று. கடைசியாக 2,000 கேட்டபோது இவரிடம் ஒன்றுமில்லை. “இல்லை” என்று எழுதிய ஐந்து நிமிடத்தில் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். அவன் கொடுத்தது 12, 30, லாபம் என்று 30. ஆக 72 வெள்ளி. அவன் கொண்டுபோனது 2,500 வெள்ளி. அந்த 72 வெள்ளி கூலி அல்ல, தூண்டிலில் குத்திய புழு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் மாதம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய ஒன்றரை மாத உழைப்பை, முகம் தெரியாத ஒருவன் நான்கைந்து நாளில் விழுங்கிவிட்டான்.

பேராசை என்று சொல்லாதீர்

இந்த விஷயம் தோட்டத்தில் பரவியதும், “பேராசை பெரு நஷ்டம்” என்று சிலர் பேசினார்கள். படித்தவர்களும் பேசினார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மகளைப் படிக்க வைக்க மாதம் இருநூறு முந்நூறு வெள்ளி கூடுதலாகக் கிடைக்குமா என்று பார்த்தது பேராசையா? நம் தோட்டங்களில் கைச்சம்பளத்தை மட்டும் நம்பி எந்தக் காலத்தில் குடும்பம் நடந்தது? நம் பாட்டிமார் காலத்தில் லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்தது. ஆடு, கோழி வளர்த்தார்கள். ஆற்றோரத்தில் கத்தரி, வெண்டை போட்டார்கள். பால் ஊற்றி, இட்லி சுட்டு விற்று, ரவிக்கை தைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். இன்று வாத்தியாராகவும் வழக்கறிஞராகவும் இருக்கும் எத்தனையோ பேருடைய படிப்பு அந்த மாட்டுப் பாலில் வந்த படிப்பு.

இன்று மாடு கட்ட இடமில்லை. பல தோட்டங்களில் ஆடு மாட்டுக்குத் தடை. தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களுக்குச் செடி வைக்கவும் மண் இல்லை. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி இருக்கிறது. அதில் ஏதாவது நாலு காசு வருமா என்று நம் பெண்கள் தேடுகிறார்கள். தேடுவது குற்றமல்ல. தேடுகிறவர்களைத் தேடி வருகிறானே, அவன்தான் குற்றவாளி.

கங்காணி முன்பணமும் இந்த முன்பணமும்

நம் முன்னோர்களைக் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்தபோது முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார்கள். கப்பல் செலவு, கடனை அடைக்கக் கொஞ்சம் என்று கொடுத்து, அந்தக் கடனைக் காட்டியே கட்டிப் போட்டார்கள். 1938-ல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அந்தக் கதை நடந்தது. அதை நாம் அநியாயம் என்று சொல்கிறோம், சரிதான்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கங்காணிகூடத் தொழிலாளிக்குத்தான் முன்பணம் கொடுத்தான். இன்றைக்குக் கைப்பேசியில் வரும் கங்காணியோ தொழிலாளியிடமிருந்தே முன்பணம் வாங்குகிறான்!

குலை வெட்டப் போகும்போது, “முதலில் 100 வெள்ளி கட்டு, அப்புறம்தான் அரிவாள்” என்று எந்த மண்டோராவது கேட்பாரா? மரம் வெட்டப் போனவளிடம், “உன் பாலுக்குக் காசு வேண்டுமானால் முதலில் வரியைக் கட்டு” என்று எந்தக் கிராணியாவது சொல்வாரா? சொன்னால் அன்றைக்கே நாம் ஆபீஸ் வாசலில் நிற்க மாட்டோமா? காட்டில் நடக்காத நியாயம் கைப்பேசியில் மட்டும் எப்படி நடக்கும்?

ஆகவே ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். வேலை கொடுப்பவன் காசு கொடுப்பான். காசு கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிணைப் பணம், வரி, கணக்கைத் திறக்கப் பணம் என்று அவன் எந்தப் பெயர் வைத்தாலும் சரி. 10 வெள்ளியானாலும் சரி. அந்த இடத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். ஏற்கனவே போன காசை மீட்க இன்னும் காசு போடாதீர்கள். நம் சகோதரி 500 வெள்ளியோடு நின்றிருந்தால் சங்கிலி கழுத்தில் இருந்திருக்கும்.

அப்படியானால் நிஜ வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது ‘லைக்’ அழுத்துகிற வேலை அல்ல. நாம் பார்த்த வரையில், நம் குடும்பங்களில் உண்மையாகவே காசு பார்த்தவர்கள் நான்கு வகை.

முதலாவது, கையில் உள்ள தொழிலைக் கைப்பேசி வழியாக விற்பவர்கள். முறுக்கு, அதிரசம், ஊறுகாய், மசாலைத்தூள், ரவிக்கைத் தையல், பூ மாலை. இவர்களுக்கு இணையம் தொழில் அல்ல, அது வெறும் சந்தை. பழைய பசார் மாலாம் இப்போது புலனத்திலும் முகநூலிலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

பேராக்கில் ஒரு தோட்டத்துச் சகோதரி தம் கணக்கை நமக்குக் காட்டினார். ஒரு நாள் முறுக்கு சுட்டுப் பத்துப் பொட்டலம் போடுகிறார். பொட்டலம் 8 வெள்ளி, ஆக 80 வெள்ளி. மாவு, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாம் 34 வெள்ளி. பைக்கும் ஒட்டுத் தாளுக்கும் 6 வெள்ளி. மிச்சம் 40 வெள்ளி. பிசைந்து, பிழிந்து, சுட்டு, கட்டி முடிக்க ஐந்து மணி நேரம். அதாவது மணிக்கு 8 வெள்ளி. 1,700 வெள்ளிச் சம்பளக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 17 சென் வருகிறது. ஆகவே அந்தச் சகோதரியின் உழைப்புக்கு ஏறக்குறைய நியாயமான கூலி கிடைக்கிறது. எண்ணெய் விலை ஏறினால் அது குறையும். “அஞ்சு வெள்ளிக்குக் கொடுக்கா” என்று பேரம் பேசும் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஐந்து வெள்ளிக்குக் கொடுத்தால் மிச்சம் 10 வெள்ளி. மணிக்கு 2 வெள்ளி!

தொடர்ந்து விற்பவர்கள் எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்வது நல்லது, சட்டமும் அதுதான். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. சாப்பாட்டுப் பொருள் செய்பவர்கள் உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டுக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். எஸ்.டி.பி.எம். முடித்த பெண் பிள்ளைகள், மாலையில் கைப்பேசி வழியாகப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலீடு என்று பார்த்தால் இணையச் செலவுதான். நம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி கொடுத்த தமிழுக்குப் பட்டணத்தில் மதிப்பு இருக்கிறது என்பதில் நமக்குப் பெருமையே.

மூன்றாவது, மற்றவர் பொருளுக்கு விளம்பரம் செய்து தரகு வாங்குபவர்கள். பெரிய இயங்கலைக் கடைகளில் இந்த ஏற்பாடு நிஜமாகவே உண்டு. நீங்கள் அனுப்பிய இணைப்பின் வழியாக யாராவது பொருள் வாங்கினால்தான் தரகு. 20 வெள்ளிச் சட்டைக்கு ஐந்து விழுக்காடு என்றால் 1 வெள்ளி. பத்துப் பேர் வாங்கினால் 10 வெள்ளி. யாரும் வாங்கவில்லை என்றால் பூஜ்யம். கையில் இருந்து காசு போடத் தேவையில்லை. ஆனால் இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

நான்காவது, கணினித் துண்டு வேலை. படங்களில் இருப்பது என்னவென்று குறிப்பது, பேச்சைக் கேட்டு எழுதுவது, மொழிபெயர்ப்பது, கணினிக்குப் பேசப் பழக்குவதற்காக நம் குரலில் வாசித்துப் பதிவு செய்வது. தமிழுக்கும் இந்த வேலைகள் வருகின்றன. மலேசிய மின்னிலக்கப் பொருளாதாரக் கழகம் 2015-ல் ‘இ-ரெசெக்கி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, வருமானம் குறைந்தவர்களை இதுபோன்ற வேலைகளில் பழக்கியது. ஆகவே இது கட்டுக்கதை அல்ல.

ஆனால் இது துண்டுக் கூலி. துண்டுக் கூலியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு படத்துக்கு இத்தனை சென் என்று கூலி. பரீட்சை வைப்பார்கள், அதற்குக் கூலி இல்லை. வேலை சரியில்லை என்று தள்ளிவிட்டால் அதற்கும் கூலி இல்லை. பழுக்காத குலை என்று கழிப்பது போலத்தான். இந்த வாரம் வேலை இருக்கும், அடுத்த வாரம் இருக்காது. அமெரிக்க டாலரில் இவ்வளவு சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்பார்கள். குறை சொல்லப் போனால் ஆபீசும் இல்லை, கிராணியும் இல்லை. தெரிந்து போகிறவர் போகலாம். தெரியாமல் போகாதீர்கள். உங்கள் அடையாள அட்டைப் படத்தைக் கண்ட கண்ட இடத்துக்கு அனுப்பாதீர்கள். குரல் கொடுத்தால், அந்தக் குரலை எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

தோட்டத்துக்குள் ‘லைன்’ கிடைப்பதில்லை என்பது பெரிய குறை. நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ‘நாடி’ இணைய மையங்களை அரசாங்கம் வைத்திருக்கிறது. முன்பு சமூக இணைய மையம் என்று சொன்னார்களே, அதுதான். பக்கத்து ஊரில் இருந்தால் பிள்ளைகளை அனுப்புங்கள். கணினி இருக்கும், விற்பனைப் பயிற்சியும் நடத்துகிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

செக்ரோலில் நம் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுபட்டால் சண்டை போடுகிறோம். வீட்டில் செய்யும் வேலைக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லை?

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, எத்தனை மணி நேரம், வந்த காசு, செலவான காசு. இணையச் செலவையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் செலவைக் கழித்து, மிச்சத்தை மணிக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 2 வெள்ளிதான் நிற்கிறதென்றால் அந்த வேலையை விட்டுவிட்டுத் தூங்குங்கள், உடம்புக்காவது நல்லது.

ஆண் தோழர்களுக்கும் ஒன்று. காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் கைப்பேசியைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக் கொண்டு 10 வெள்ளி சம்பாதிக்கிறவள் உங்கள் மனைவி. அந்தப் பத்து வெள்ளி வேண்டுமென்றால் பாத்திரத்தையாவது நீங்கள் கழுவுங்கள்.

வருகிற காசில் கொஞ்சம் பிற்காலத்துக்கும் போக வேண்டும். சேமநிதி வாரியத்தில் ‘ஐ-சாராஆன்’ திட்டம் இருக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் முடிந்ததைக் கட்டலாம். கட்டுகிற தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு அதிகபட்சம் 500 வெள்ளி வரை சேர்க்கிறது. இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரில் சொக்சோ ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் நீங்கள்தானே!

வங்கி அட்டையை வாடகைக்கு விடாதீர்

இது முக்கியமாக இளைஞர்களுக்கு. “வீட்டில் சும்மா இரு, உன் வங்கி அட்டையை மட்டும் கொடு, மாதம் 300 வெள்ளி தருகிறேன்” என்று ஒருவன் வருவான். சுலபமான காசு என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தோட்டத்தில் பத்தொன்பது வயதுப் பையன் இப்படிக் கொடுத்தான். இரண்டு மாதத்தில் போலீஸ் அழைத்தது. அவன் கணக்கில் யார் யாருடைய பணமோ வந்து போயிருக்கிறது. கணக்கை முடக்கினார்கள், சம்பளமும் அதற்குள் மாட்டிக் கொண்டது. “எனக்கு ஒண்ணும் தெரியாது சார்” என்று அழுதான். கொடுத்தது அவன் அட்டை, அவன் பெயர்.

நம் சகோதரி 2,500 வெள்ளியை எங்கே கட்டினார்? இப்படி யாரோ ஒரு பையன் வாடகைக்கு விட்ட கணக்கில்தான். ஒரு தோட்டத்துப் பிள்ளையின் அட்டையை வைத்து இன்னொரு தோட்டத்துத் தாயின் சங்கிலியை அறுக்கிறார்கள். 2024-ல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, கணக்கை இப்படிப் பிறருக்குக் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம்.

ஏமாந்துவிட்டால்

முதலில், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நம் சகோதரி ஒன்பது நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அந்த ஒன்பது நாளில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போய், எங்கோ மறைந்துவிட்டது. இந்த விஷயத்தில் நாள் கணக்கு அல்ல, மணிக் கணக்கு.

உடனே உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது 997 என்ற எண்ணை அழையுங்கள். அது 2022-ல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையம். பணம் இன்னும் கைமாறாமல் இருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. பிறகு போலீஸ் நிலையத்தில் புகார். செய்திகளை அழித்துவிடாதீர்கள். படம் பிடித்து வையுங்கள், கட்டிய ரசீது, கணக்கு எண் எல்லாம் சாட்சி. யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன்னாலேயே, போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். புகார் ஏற்கனவே வந்திருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதால் நல்லவன் என்று அர்த்தமில்லை. புதுக் கணக்காக இருக்கலாம்.

“போன பணத்தை மீட்டுத் தருகிறேன், 300 வெள்ளி கொடு” என்று இன்னொருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

நாம் அந்தச் சகோதரியோடு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். மலாயில் சொல்லச் சிரமப்பட்டார், உடனிருந்து சொன்னோம். புகார் பதிவாகியது. பணம் இதுவரை வரவில்லை.

கணவரிடம் சொல்லத்தான் அவர் அதிகம் பயந்தார். அன்று மாலை நாமும் உடன் இருந்தோம். வேலை முடிந்து வந்தவர், காலணியைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “புள்ள பொறந்தப்ப வாங்குன சங்கிலி” என்றார். கொஞ்சம் கழித்து, “சரி, போய்த் தண்ணி கலக்கு. அண்ணன் எவ்வளவு நேரமா ஒக்காந்திருக்காரு” என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்த மனிதரை நாம் மதிக்கிறோம். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். அக்கம் பக்கத்தார் கொஞ்சம் கொடுத்தார்கள், கிளைத் தோழர்களும் கொடுத்தார்கள். சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இரண்டு காரியம் சொல்லி முடிக்கிறோம்.

ஒன்று, அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வேலை என்றோ, பரிசு என்றோ, முதலீடு என்றோ யாருக்குச் செய்தி வந்தாலும், பதில் போடுவதற்கு முன் மூன்று பேரிடம் காட்ட வேண்டும். அதில் ஒருவர் படிக்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். கிளைச் செயலாளரிடமும் காட்டலாம். எந்த நேரமானாலும் அவர் வாங்கிப் பார்ப்பார். நாமும் பார்ப்போம். மழை வந்தாலும் பார்ப்போம். கேட்பதில் அவமானம் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போனதுதான் அவமானம், அது நமக்கு.

இரண்டு, பக்கவாட்டில் வரும் காசு பக்கவாட்டுக் காசாகவே இருக்கட்டும். முறுக்கு விற்றுச் சமாளிக்கிறார்கள் என்று சொல்லி முதலாளி சம்பளத்தில் கை வைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது. நாள் முழுதும் காட்டில் உழைக்கிறவனின் சம்பளத்திலேயே ஒரு பிள்ளை படிக்க வேண்டும். அதுதான் நம் கோரிக்கை. செயலி வழியாக வேலை செய்பவர்களுக்கென்று 2025-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தனித் தனியாக மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளே ஒன்று சேர்ந்து குரல் கொடுத்து அதைப் பெற்றார்கள். சங்கம் வைத்திருக்கும் நாம் சும்மா இருக்கலாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். சந்தேகமான செய்தி இருந்தால் எல்லாரும் சேர்ந்தே பார்ப்போம். சகோதரிகள் முன் வரிசையில் உட்காருங்கள்.